பின்னால் நகர்த்திய குண்டூசி

பாளையங்கோட்டை
10 ஆகஸ்ட் 2023, வியாழக்கிழமை, காலை மணி 6.20

மடல் எண் 1. பொருள்: 3 ஆகஸ்ட் 1977, புதன்கிழமை மாலை நான் செய்த திருத்தம்

அன்புள்ள காக்கா,

அந்தப் பிரெஞ்சு வரைபடத்தைச் சற்று முன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குண்டூசி குத்திய இடங்களெல்லாம் ஒளிப்புள்ளிகளாகத் தெரிகின்றன. வடக்கே திஜோன் நகரிலிருந்து தெற்கே கிளூனியை நோக்கி ஐம்பத்திரண்டு துளைகள், ஆகஸ்ட் 3 காலை வரை நீங்கள் ஓடிய ஐம்பத்திரண்டு நாட்கள். ஐம்பத்து மூன்றாவது துளை மட்டும் கடைசித் துளைக்கு 3.9 சென்டிமீட்டர் பின்னால் கிடக்கிறது. அது நான் குத்தியது. அதன் பிறகு குண்டூசி நகரவில்லை.

வரைபடத்தை வெளியே எடுக்க வைத்தவர் உங்கள் மகள். திங்கட்கிழமை, 7ஆம் தேதி, அவருடைய கடிதம் வந்தது. உங்கள் மனைவி சென்ற மாதம் காலமாகிவிட்டார். அவருடைய பெட்டியில், 1977 ஆகஸ்ட் 8 அன்று நான் எழுதிய இரங்கல் கடிதம் இருந்திருக்கிறது. அதில், நீங்கள் அறையில் படுத்திருந்தபோது நெஞ்சுவலி வந்ததாக எழுதியிருந்தேன். ஆனால் லீவில் ஊருக்கு வந்த கேம்ப் ஆட்கள், நீங்கள் உச்சி வெயிலில் ஓடி விழுந்ததைச் சொல்லிவிட்டார்கள். எதையோ மறைக்கிறார்கள் என்று உங்கள் வீட்டார் எண்ணினார்கள். மறைக்கத்தக்கது ஒன்றே ஒன்றுதான் என்றும் எண்ணினார்கள். மகள் கேட்டிருப்பதை அப்படியே எழுதுகிறேன்: "மெடிக்கல்ல தேற மாட்டோம்னு தெரிஞ்சு வாப்பா வேணும்னேதான் வெயில்ல போய் ஓடுனாங்களா? உம்மா மவுத்தாகிற வரைக்கும் இதையேதான் கேட்டுட்டு இருந்தாங்க."

ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டியவனாகிறேன்.

தோஹாவுக்குத் தெற்கே, கடலோரத்தில், ஆலை கட்டிய கம்பெனியின் கேம்ப். நீங்கள் ஸ்டோர் கீப்பர், நான் டிராஃப்ட்ஸ்மேன். ஒரே ரூமில் பதினெட்டு மாதம் இருந்தோம். அண்ணனைக் காக்கா என்பது உங்கள் காயல்பட்டினத்து வழக்கம். கேம்பில் தமிழ் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் நீங்கள் காக்காதான். 1977 ஜூன் 4, சனிக்கிழமை, கம்பெனி டாக்டர் உங்கள் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதாகச் சொல்லி, ஆகஸ்ட் 6 அன்று மறுபரிசோதனை என்று தாளில் குறித்துக் கொடுத்தார். குறையாவிட்டால் ஊருக்கு டிக்கெட். தினமும் ஓட வேண்டும் என்பது அவர் சொன்ன மருந்து.

அன்று மாலை நீங்கள் கட்டிலில் அமர்ந்து, "செக்கு மாடு மாதிரி அந்த வேலியச் சுத்தணுமாக்கும். அதுக்கு ஊருக்கே போயிரலாம் வேய்" என்றீர்கள்.

அதற்கு இரண்டு நாள் முன்னர்தான், வேலை முடிந்து நாடு திரும்பிய பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவர் தம் வரைபடத்தை எனக்குக் கொடுத்திருந்தார். திராட்சை மலைச்சரிவுகளின் அடிவாரத்தில், திஜோன் முதல் கிளூனி வரை, தாம் ஊரில் இருக்கும்போது பகுதி பகுதியாக ஓடும் பாதையைச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டிருந்தார். வழியில் என்னென்ன வரும் என்று அவர் சொன்னதை நான் நான்கு பக்கம் குறித்து வைத்திருந்தேன். தையல் நூலை வளைவு வளைவாகப் பதித்து அளந்ததில் பாதை 118 கிலோமீட்டர் வந்தது. கேம்ப் வேலி ஒரு சுற்று 980 மீட்டர் என்பது அலுவலக டிராயிங்கில் இருந்தது. வேலியைச் சுற்றுங்கள், குண்டூசி பிரான்சில் ஓடட்டும் என்றேன். ஆகஸ்ட் 6க்கு முன் கிளூனி போய்ச் சேர வேண்டும் என்று முடிவாயிற்று.

ஜூன் 5, ஞாயிறு முதல், வெள்ளி தவிர, தினமும் காலை ஐந்து மணிக்கு இரண்டு சுற்று. புறப்படுமுன் அன்றைய பாதையை நான் வாசிப்பேன். வூஜோவில் பழங்காலத் துறவிகள் எழுப்பிய கல்மதில் இடப்பக்கம் வரும். போன் ஊரில் வண்ண ஓடு வேய்ந்த பழைய தர்ம மருத்துவமனை வரும். நீங்கள் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே குறுக்குக் கேள்வி கேட்பீர்கள்.

"நிழல் உண்டுமா?"

"திராட்சைக் கொடி இடுப்பளவுதான் காக்கா. நிழல் கிடையாது."

"பொய்யாச்சும் ஒரு மரத்தப் போடும் வேய்."

"குறிப்புல இல்லாதத நான் எப்படிச் சொல்ல?"

"உம்மகிட்ட மரம் கேட்டேன் பாரும், என்னைச் சொல்லணும்."

மெஸ்ஸில் நாகர்கோவில் ஃபிட்டர் உங்களை விடமாட்டார். "காக்கா, அஞ்சு வேளை தொழுகிற ஆளுக்கு ஒயின் காய்ச்சுற ஊருல என்ன சோலி?" நீங்கள் ரொட்டியைப் பிய்த்தபடியே சொல்வீர்கள்: "குடிக்கதுதான் ஹராம். ஓடுறதுக்கு ஒண்ணும் இல்ல. நேத்து நுயின்னு ஒரு ஊரு, தெருவுக்குத் தெரு பீப்பா. மூக்கப் பொத்திக்கிட்டு ஓடியாந்துட்டேன்." கிளூனியில் உலகத்திலேயே பெரிய மாதா கோயில் ஒன்று இருந்தது, இடித்தது போக ஒரு கோபுரமும் கொஞ்சமும்தான் மிச்சம் என்று நான் வாசித்த நாளில், "இடிஞ்ச ஊருக்கா இத்தனை ஓட்டம்?" என்று கேட்டீர்கள். ஆனால் அதன் பிறகு கிளூனி உங்களுக்கு வெறும் ஊராக இருக்கவில்லை. அங்கே போய்ச் சேர்ந்தால் சர்க்கரை இறங்கிவிடும், சேராவிட்டால் இறங்காது என்று உள்ளூர நம்பத் தொடங்கினீர்கள். அதை நான் அறிந்திருந்தேன். கடைசி எட்டு நாள் மூன்று சுற்றாக்கினீர்கள். ஆகஸ்ட் 3 காலையோடு 112 சுற்று. கிளூனிக்கு எட்டேகால் கிலோமீட்டர்தான் பாக்கி.

அன்று பிற்பகல் அலுவலகத்துக்குத் திருத்திய டிராயிங் ஒன்று வந்தது. குழாய்ப்பாதைக்காகக் கிழக்கு வேலி முப்பத்தைந்து மீட்டர் உள்ளே தள்ளப்பட்டிருந்தது. திருத்தத் தேதி மே 21. அதாவது நீங்கள் ஓடத் தொடங்குவதற்கு முன்பே. ஆகவே ஒரு சுற்று 910 மீட்டர்தான் என்று கொண்டேன். 112 சுற்றுக்கு 7.84 கிலோமீட்டர் குறைகிறது. மாலை 4.40க்கு ரூமில் குண்டூசியைப் பிடுங்கிப் பின்னால் குத்தினேன். நீங்கள் குளித்துவிட்டுத் துண்டோடு வந்து நின்றீர்கள்.

"என்ன வேய், ஓடுனவன அப்படியே பின்னால இழுத்துட்டீரு?"

விளக்கினேன். கிழக்கே கையை நீட்டிக் கேட்டீர்கள்.

"கிழக்க ஜெனரேட்டர் ரூமுக்கு அந்தப் பக்கம்தானே வேலி நிக்கி? தெனம் அது பின்னாலதான சுத்தி வாரேன். உள்ள தள்ளியிருந்தா ஜெனரேட்டர் வெளியிலல்லா இருக்கணும்?"

"பிரிண்டுல ஜெனரேட்டரே இல்ல காக்கா."

"நீரு போயிப் பாத்தீரா?"

"கையெழுத்துப் போட்ட பிரிண்டு. பாக்க என்ன இருக்கு? கணக்கு கணக்குதான்."

நீங்கள் கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, "படிச்ச மனுசன், நீரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும். இன்னும் எத்தனை சுத்து?" என்றீர்கள்.

"பதினெட்டு."

ஜெனரேட்டர் ரூமுக்கு நம் கதவிலிருந்து நூற்றிருபது தப்படி. வெளியே புழுக்கமாக இருந்தது. நான் போகவில்லை.

வியாழன் காலை நான்கு, டூட்டி முடிந்து மூன்று. வெள்ளி, ஆகஸ்ட் 5, நீங்கள் ஓடாத நாள். அன்று காலையும் நான்கு ஓடினீர்கள். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, பாக்கி ஏழையும் முடித்துவிடுவதாகச் சொன்னீர்கள். வெயில் தாழட்டும் என்று நான் ஒரு முறை சொன்னேன். ஒரு முறைதான். "சாயங்காலம் கால் எழும்பாது வேய். சூட்டோட சூடா முடிச்சிரணும். நாளைக்கு டாக்டர் முன்னால கிளூனிக்காரனாப் போய் நிக்கணும்லா" என்று சிரித்தீர்கள். மணி 2.15. நான் ஏசி ஓடும் அறையில் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன். 2.50க்கு வாட்ச்மேன் கான் கதவைத் தட்டி, "பாய் கிர் கயா, ஜல்தி ஆவோ" என்று இந்தியில் கத்தினார், பாய் விழுந்துவிட்டார், சீக்கிரம் வா என்று. ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால், வேலிக் கம்பியைப் பிடித்தபடி கிடந்தீர்கள். உடம்பில் வியர்வையே இல்லை. தோல் கொதித்தது. தோஹா மருத்துவமனையில் மாலை 5.10க்கு முடிந்துவிட்டது.

நீங்கள் கிடந்த இடத்தைப் பற்றி அன்று எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஞாயிறு, ஆகஸ்ட் 7, காலை ஆறு மணிக்குத்தான், எஃகு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் வேலியை அளந்தேன். 980 மீட்டர் 40 சென்டிமீட்டர். திருத்தம் தாளில் இருந்தது, தரைக்கு வரவில்லை. கிழக்கு வேலியை ஒருவரும் தொடவில்லை என்பதற்குத் தூண்களின் அடியில் படிந்திருந்த உப்பே சாட்சி. வெள்ளிக்கிழமை காலை நீங்கள் ஓடி முடித்தபோது மொத்தம் 123 சுற்று. அது 120.5 கிலோமீட்டர். கிளூனியைத் தாண்டி இரண்டரை கிலோமீட்டர் போயிருந்தீர்கள். பிற்பகல் ஓட்டத்துக்கு அவசியமே இருக்கவில்லை.

மறுநாள் உங்கள் மனைவிக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். ஓடியதைச் சொன்னால் ஏன் ஓடினார் என்று கேட்பார்கள். கேட்டால் என் பெயர் வரும். அவர் வருந்தக் கூடாது என்பதற்காக எழுதியதாகப் பல ஆண்டுகள் எனக்கே சொல்லிவந்தேன். என்னைக் காத்துக்கொள்ளவே எழுதினேன். அந்தப் பொய், ஒரு பெண்ணை நாற்பத்தாறு ஆண்டுகள் தன் கணவர் எப்படிப்பட்ட சாவைத் தேடிக்கொண்டார் என்று அஞ்ச வைத்திருக்கிறது. அவரிடம் இனி நான் எதையும் திருத்திச் சொல்ல முடியாது.

இங்கே வீட்டில் நான் எதையும் இரண்டு முறை சரிபார்ப்பதைக் கேலி செய்கிறார்கள். கேஸ் சிலிண்டர் எடையை, ரயில் நேரத்தை, மருந்துச் சீட்டை. பிறவிக் குணம் என்கிறார்கள். நான் மறுப்பதில்லை. எந்தத் தேதியிலிருந்து என்று எனக்குத் தெரியும்.

காக்கா, நீங்கள் சாவதற்கு ஓடவில்லை. சனிக்கிழமைப் பரிசோதனையில் தேறி வேலையில் நிலைப்பதற்காக ஓடினீர்கள். பதினெட்டு என்று சொன்னவன் நான். இந்த மடலை உங்கள் மகளுக்கு இன்றே பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை.

இணைப்பு:
1. பிரெஞ்சு வரைபடம், ஒன்று. ஐம்பத்து மூன்றாவது துளையைச் சுற்றி என் கையொப்பத்துடன்.
2. 7 ஆகஸ்ட் 1977 அன்று வேலியை அளந்த குறிப்பு, பென்சில் எழுத்து, ஒரு தாள்.
3. 8 ஆகஸ்ட் 1977 கடிதத்தில் உங்கள் மரணம் பற்றி எழுதியது பொய் என்ற என் வாக்குமூலம், இரண்டு சாட்சிகளின் கையெழுத்துடன்.
4. என் முகவரி. அவர் நேரில் வந்து கேட்க விரும்பினால் நான் வீட்டிலிருக்கும் நேரம்: எல்லா நாளும், எல்லா நேரமும்.