பச்சை மையில் இருநூறு பேர்

தன்னாமுனை,
வெள்ளிக்கிழமை.

ஏழு கடல் தாண்டிய எங்கள் மகாராணியும், இந்த வாவிக்கரை பெறப்போகும் முதலாவது சுற்றுலா முகாமைத்துவக் கலாநிதியுமான மருமகள் தக்சிகாவுக்கு,

மாமா நல்ல சுகம். என் சுகத்தைக் கண்டு நாலு வைத்தியர்கள் தொழிலையே விட்டுவிட்டார்கள். அக்காவுக்குத்தான் முழங்கால் வலி. ஆனாலும் உன் வாய்மொழிப் பரீட்சை முடிந்ததும் கொக்கட்டிச்சோலை ஈஸ்வரன் கோயிலுக்கு நடந்து வருவதாக நேர்த்தி வைத்திருக்கிறா. அதற்குச் சேலையும் எடுத்தாச்சு. அம்மாவைப் பற்றி நீ யோசிக்காதே.

போனில் சொன்னால் என் குரலைக் கேட்டதும் நீ சிரிப்பாய். அதனால்தான் கடிதம்.

நாம் தோணி கட்டும் தில்லையடித் துறைக்குக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். யமன் வந்தாலும் ஏணி கேட்பான், அவ்வளவு உயரம். உள்ளே நாற்பது அறை ஹோட்டல் வரப்போகிறது. வெள்ளைக்காரர் இருந்து இரவில் நம் வாவி மீன் பாடுவதைக் கேட்கத் தண்ணீருக்கு மேலே ஒரு கூடாரமும் உண்டாம். நம் தோணிகளெல்லாம் கண்டல் பற்றைக்குப் பின்னால் சேற்றில் கிடக்கின்றன. புருஷன் செத்த பிறகு கரையோரம் இறால் பிடித்தே மூன்று பிள்ளைகளைப் படிப்பித்த சீதேவிப்பிள்ளை மச்சாள், இப்போது இடுப்பளவு சேற்றில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வாறா.

செவ்வாய்க்கிழமை பிரதேச செயலகத்தில் இதற்கொரு கூட்டம் நடந்தது. நீ மாநாட்டில் வாசித்த கட்டுரையை ஹோட்டல் கம்பனிக்காரர் அச்சடித்து எல்லார் கையிலும் கொடுத்தார். உன் பெயரைக் கண்டதும் என் நெஞ்சு முக்கால் முழம் முன்னுக்கு வந்தது. பிறகு அவர் வாசித்தார்: தில்லையடி மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு வீதம் பேர் துறையில் ஹோட்டல் வருவதை மிகவும் விரும்புகிறார்கள். நெஞ்சு பழைய இடத்துக்கே போய்விட்டது.

மச்சாள் எழும்பி, என்னிட்ட ஆரும் கேக்கல்லியே, அப்ப விரும்பினது ஆரு, என்ட ஆவியா என்று கேட்டா. சனம் சிரித்தது. செயலக அதிகாரி மட்டும் சிரிக்காமல், இது வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஆய்வு அம்மா என்றார்.

விரும்பியது நான்தான், புள்ள.

ஆய்வுக்கென்று நீ ஊருக்கு வந்திருந்தபோது உனக்கு டெங்குக் காய்ச்சல், விமானத்துக்குப் பதினொரு நாள். வினாக்கொத்து இருநூறையும் என் கையில் தந்து, வீடு வீடாகப் போய்க் கேளுங்கோ மாமா என்றாய். நாலு வீட்டுக்குப் போனேன். மூன்றில் ஹோட்டலே வேண்டாம் என்றார்கள், நாலாவதில் நாய் நின்றது. மிச்சத்தை ஒரு வேப்ப மரத்தடியில் இருந்து நானே நிரப்பினேன். பிரம்மா கூட அந்த வேகத்தில் ஆட்களைப் படைத்திருக்க மாட்டான். நம்பும்படியாக இருக்கட்டும் என்று அந்த மூன்று வீட்டையும் சேர்த்துப் பதினாறு பேரை மறுக்கவும் வைத்தேன். சுற்றுலாப் படிப்புக்கு விருப்பம்தான் நல்ல பதில், நீ கெதியாகப் படித்து முடிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு எனக்கு இருக்கவில்லை.

கட்டிலில் இருந்தபடி நீ அவற்றைப் புரட்டினாய். மாமா, எல்லாம் ஒரே பச்சை மையா இருக்கே என்றாய். அதுகள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன் என்றேன். நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு அவற்றைப் பைக்குள் வைத்தாய். அந்தக் கொஞ்ச நேரம் கொஞ்ச நாளாக என்னை நித்திரை கொள்ள விடுவதில்லை. உன்னை எப்படியென்று எனக்குத் தெரியாது.

கூட்டத்தில் நான் எழும்பி எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, என் வாழ்நாளில் முதல் தடவை. முதலை ஒன்று என்னிடம் நெருப்புப்பெட்டி கேட்டதென்று நான் ஊரெல்லாம் சொன்னது உனக்கு நினைவிருக்கும். யோகேஸ்வரன் அண்ணே, அந்த முதலையையும் சாட்சிக்குக் கூட்டி வாங்க என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அதிகாரியும் அப்போதுதான் சிரித்தார். என் வாக்குமூலம் அந்தச் சிரிப்போடு முடிந்தது.

அடுத்த நாள் நீ விட்டுப்போன வெற்றுப் படிவத்தைப் போட்டோக் கொப்பி அடித்துக்கொண்டு இறங்கினேன். அறுபத்தொரு வீடு. நாய் நின்ற வீட்டுக்கும் போனேன். அவரவர் கையால் நிரப்பினார்கள், எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள். விருப்பம் என்றவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவருடைய மகனுக்கு ஹோட்டலில் காவல் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் இதனோடு அனுப்புகிறேன். சீதேவிப்பிள்ளை கட்டங்களைத் தொடாமல் ஓரத்தில் எழுதியிருக்கிறா: “தக்சி, நீ நீந்தப் பழகினது இந்தத் துறையிலதானே. கேட்டிருந்தா சொல்லியிருப்பன்.”

இருபத்தெட்டாம் திகதி முடிவு எடுக்கிறார்கள். உன் பரீட்சை அதற்கு ஐந்து நாள் பிந்தி. நான் சொன்னால் அது முதலைக் கதை. அந்தப் படிவங்கள் பொய் என்று நீ எழுதினால் ஒரு வரி போதும், அந்தக் கட்டுரையை அவர்கள் தூக்கிக்காட்ட முடியாது. அந்த ஒரு வரி உன் நாலரை வருடத்தையும் விழுங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும். பிழை என்னுடையது, வரி மட்டும் உன்னுடையது. இதைவிடக் கேவலமாக ஒரு மாமன் மருமகளிடம் எதையும் கேட்டிருக்க மாட்டான்.

எனக்குப் பதில் போடாதே. செயலகத்தின் விலாசத்தைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. சேலையைத் தினமும் விரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறா. எப்படியானாலும் அவவோடு நானும் கொக்கட்டிச்சோலைக்கு நடப்பேன். உனக்குக் காய்ச்சல் தலையிடி ஒன்றும் வராமல், எழுதுகிற கை நடுங்காமல் இருக்க ஈஸ்வரன் துணையிருக்கட்டும், புள்ள.

உன் மாமா,
யோகேஸ்வரன்