பிடியரிசிக் கலயம்

மூணாறு,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பிடியரிசிக் கலயத்தைத் திறந்து, பக்கத்து வீட்டு முத்துப்பேச்சியின் முறத்தில் கொட்டினேன். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து, கோயிலுக்கென்று நான் சேர்க்கும் அரிசிதான்.

மறுபடியும் பாதையில் மண் சரிந்து ரேஷன் லாரி வரவில்லை. நேற்று அவள் வந்து கேட்டபோது, "இது ஆண்டவருக்கு உள்ளது" என்றேன். சிரித்துவிட்டாள். "ஏன் டீச்சரம்மா, ஒங்க சாமிக்கு வயிறு இருக்கா? எங்க வீட்ல நாலு வயிறு காயுது."

போன வருட மழையில் இதேபோல் பாதை அடைபட்டபோது, நம் மகள் எப்சிபா காய்ச்சலோடு மூன்று நாள் கஞ்சி கேட்டாள். நீங்கள் அரிசி தேடி, எஸ்டேட் லைன் வீடுகளில் ஒவ்வொரு லைனாக அலைந்தீர்கள். நான் நிரம்பிய கலயத்தின் அருகில் முழங்காலிட்டு, ஆண்டவர் தருவார் என்று காத்திருந்தேன். அவர் தந்திருந்தார், அத்தான். நான்தான் திறக்கவில்லை.

காய்ச்சல்தான் காரணம் என்றார் டாக்டர். பிள்ளை பசியோடு போனது நம் இருவருக்கும் தெரியும். அடக்கம் முடிந்து வந்து கலயத்தைத் திறந்து பார்த்த நீங்கள், அப்படியே வண்டன்மேட்டுக்குப் போய்விட்டீர்கள். உங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லித் தினமும் ஜெபித்தேன்.

இனி அப்படிக் கேட்கப்போவதில்லை. எனக்கும் கால்களைத் தந்திருக்கிறார். பாதை திறக்கிற அன்றைக்கே, ஜீப் கிடைக்காவிட்டாலும், புறப்பட்டு வருகிறேன். நீங்கள் ஏசினால் நின்று கேட்பேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, ஜெபத்தில்கூட.

உங்கள் மனைவி