ஏழு கன்னிகளுக்கு ஓர் அருவி

20-6-55, திங்கள். குற்றாலம்.

வெயிலும் சாரலும் மாறி மாறி. துவைத்த துண்டு காயவே இல்லை. டைரக்டர் (இனி டை.) கேட்டது: தேவலோகத்து அருவி ஒன்று. கன்னிகள் ஏழு பேர் வரிசையாக நின்று குளிக்க இடம். எதிரே காமிரா வைக்கப் பாறை. மனித வாடையே கூடாது.

மனித வாடை! பேரருவியில் மனிதர்களைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. எண்ணெய் வழியும் முதுகுகள், கோவணங்கள். "ஏலே, நல்லா அழுத்தித் தேயிலே!" தேவலோகமாம். எண்ணெய்ச் செக்கு மாதிரி இருக்கிறது.

இடம் அமைந்தால் அடுத்த படம் எனக்கு என்று டை. வாக்குக் கொடுத்திருக்கிறார். எத்தனை வருஷம்தான் அசிஸ்டென்டாகவே கிளாப் கட்டையும் கையுமாக நிற்பது? இதை விட்டால் அவ்வளவுதான்.

21, செவ்வாய்.

ஐந்தருவி. இடம் அமர்க்களம். கூட்டமும்தான். விடியுமுன் போய்ப் பார்த்தாலும் ஈரத்துண்டோடு எதிரே வருகிறார்கள். விடுதிக்காரர் சிதம்பரம் அண்ணாச்சிக்கு ஒரே சிரிப்பு. "சீசன்ல அருவி எப்பம் சார் சும்மா கெடக்கும்? நடுச்சாமத்துலயும் குளிப்பாவ. அது கெடக்கட்டும், கதாநாயகி நம்ம விடுதியிலதான தங்குதா?"

ஆய்க்குடியிலிருந்து வந்த ஒரு பெரியவரிடம், ஒரு நாள் காலை மட்டும் விட்டுக்கொடுப்பீர்களா என்று கேட்டேன். "அருவி என்ன உம்ம வீட்டுக் கொழாயா வே?" தலையைத் துவட்டிக்கொண்டே போய்விட்டார். வாங்கிக் கட்டிக்கொண்டது மிச்சம்.

23, வியாழன்.

நேற்றும் இன்றும் அடை மழை. அறைக்குள்ளேயே உலாத்தல். சட்டைப் பொத்தான் தைத்தேன். வேறு வேலை இல்லாமல் இரண்டாம் முறை ஷேவ். டை. தந்தி: பெண்கள் தயார், உன் தந்தி கண்டதும் புறப்படுகிறோம். காப்பி கசந்தது.

24, வெள்ளி.

மழை சற்று விட்டது. அண்ணாச்சியையும் இழுத்துக்கொண்டு ஐந்தருவி. ஈ காக்காய் இல்லை! ஐந்து கிளையும் ஒன்றாகிப் பாறையே தெரியாமல் கொட்டுகிறது. செம்மண் நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தில் அது யாருக்குத் தெரியப்போகிறது? சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன்.

கன்னிகள் நிற்க இடம் பார்க்க நானே இறங்கினேன். "போவாதீய சார்!" காதில் விழுந்தது. கேட்டால்தானே? தோளில் ஏதோ இடித்தது. கால் போயிற்று. அப்புறம் கரையில் கிடந்தேன். அண்ணாச்சி என் தலைமுடியை இன்னும் விடவில்லை. மூச்சு வாங்கத் திட்டினார்.

"கல்லும் கட்டையும்லா சேந்து வருது! இங்கன கொண்டாந்து நிறுத்துத கன்னியள உசுரோட திருப்பிக் கூட்டிட்டுப் போக வேண்டாமா?"

குளிரில் பல் கிட்டிப்போயிருந்தது. வலது கை தூக்க முடியவில்லை. இடது கையால் எழுதுகிறேன், எல்லாம் கோணல்.

25, சனி.

மறுபடி மழை. தோள் வீக்கம்.

ஆபத்து என்று தந்தி அடித்தால்? டை.யை எனக்குத் தெரியாதா? அதற்காகவே அடுத்த ரயிலில் வந்து இறங்குவார். போன படத்தில் நெருப்பு வளையத்துக்குள் ஆடிய கமலாவின் பின்னல் பற்றிக்கொண்டது. "நிறுத்தாதே, பிரமாதமா வருது" என்றார். அந்தக் கமலா இந்த ஏழு பேரில் ஒருத்தி. இவர் நில் என்றால் நிற்பாள், பாவி.

அருவி இல்லையென்றால் எனக்குப் படமும் இல்லை. கதைகூடத் தயார்.

குடையும் கையுமாகத் தபாலாபீஸ். எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தா திரும்பத் திரும்பப் படித்தார். வெளியே அருவி போட்ட இரைச்சலில் அவர் பேச்சு எடுபடவில்லை. எழுந்து வந்து என் காதருகே கத்தினார்.

"அருவியில தண்ணி இல்லைன்னா சார் எழுதியிருக்கிய?"

"ஆமா. அடிங்க."