நத்தைகள் எங்கிருந்து வந்தன

அன்பு மகனுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்க வேண்டும். எப்போதும் அடுத்த வரியில் உன் நலத்துக்குப் பதில் போடு என்று எழுதுவேன். இந்த முறை நீ நலம் என்று எழுதினால் அதை அப்படியே நம்புவதா என்று தெரியவில்லை, அதனால் கேட்கவில்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசிச் சமாதானப்படுத்திவிடுவாய், நானும் சரி சரி என்று வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். கடைசி வரை படி.

மூன்று வாரத்துக்கு முன்னால் மீன்தொட்டியின் கண்ணாடியில் கடுகளவுக்கு ஒரு புள்ளி. அழுக்கு என்று துணியால் துடைத்தேன், போகவில்லை. மறுநாள் பார்த்தால் அந்த அழுக்கு நாலு விரற்கடை தள்ளிப் போயிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், நத்தை. ஒரே வாரத்தில் இருபது ஆனது, அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். செடித் தண்டில் வெந்த ஜவ்வரிசி மாதிரி கொழகொழவென்று முட்டை, மண்ணைக் கிளறினால் நூல் போல வெள்ளைப் புழு, தண்ணீரில் துள்ளித் துள்ளி நீந்தும் ஏதோ பொடிப் பூச்சி, ஊரே குடி வந்துவிட்டது. இதெல்லாம் ஆகாயத்திலிருந்தா விழும்? இரண்டு வருடமாக அந்தத் தொட்டிக்குள் புதிதாக நான் ஒன்றுமே போட்டதில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் இடது கண்ணில் புரை எடுக்கப் போய், கண்ணில் அழுத்தம் ஏறி, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியபோது தொட்டியில் ஒரு கொத்துச் செடி புதிதாக இருந்தது. மாடி வீட்டுத் தையற்காரம்மா கொடுத்தார்கள் என்று உன் அம்மா சொல்லியிருந்தாள். ஆக வந்த வழி அதுதான் என்று முடிவு கட்டி, விறுவிறுவென்று மாடியேறிப் போனேன். செடியைக் கழுவாமல் கொடுக்கலாமா, படித்தவர்கள் செய்கிற காரியமா என்று வாசலில் நின்றபடியே பொரிந்து தள்ளினேன். அந்த அம்மா தையல் மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு எழுந்து வந்து, கோபப்படாமல், "நான் செடி எதுவும் குடுக்கலையே சார், எங்கிட்ட மணி பிளான்ட்டே பொழைக்காது" என்றார்கள். உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று வேறு உபசாரம். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

உன் அம்மா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போன இரண்டாம் நாளே பெரியவர் செத்துப்போனாராம். நீ ஒன்பதாவது படிக்கும்போது பிளாஸ்டிக் பையில் தூக்கி வந்த தங்கமீன், பதினோரு வருடம் நம் வீட்டில் இருந்தவர், விமானம் ஏறப் போகும்போது நீ என் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொள்ளச் சொன்ன பெரியவர். நீ உன் போனில் இருந்த படத்தை அனுப்பினாயாம், அம்மா அதைக் கொண்டுபோய் மீன் கடையில் காட்டினாளாம், வாலில் வெள்ளைத் திட்டு வரைக்கும் ஒத்துப்போகிற மாதிரி ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார்களாம். புது மீன் மிரளும், ஒளிந்துகொள்ள இடம் வேண்டும் என்று கடைக்காரரே ஒரு கொத்துச் செடியும் போட்டுக் கொடுத்தாராம். எல்லாம் சொல்லி முடித்து, "கண்ணு ஆறுற வரைக்கும் உங்க மனசு கலங்க வேணாம்னு நெனச்சோம்" என்றாள். முப்பத்தோரு வருடம் அச்சகத்துக்குப் பிழைதிருத்தியவன் நான். நெனச்சேன் என்று சொல்லியிருந்தால், போகட்டும், இவள் சுபாவம் இதுதானே என்று விட்டிருப்பேன். நெனச்சோம் என்றாள். யாரெல்லாம் என்று கேட்டேன். தலை நிமிராமல் உன்னைச் சொன்னாள்.

தம்பி, மீன் சாகிறதுதான். அதற்காக நான் இவ்வளவு எழுதவில்லை. தினமும் காலையில் வேலையைத் தொடங்குமுன் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து, முந்தின நாள் அகப்பட்ட நல்ல பிழையைப் பெரியவரிடம் சொல்கிற பழக்கம் எனக்கு உண்டு, அது உனக்கும் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கண்ணாடியை விரலால் தட்டினாலும் அவர் வராமல் செடிக்குப் பின்னால் நின்றார். நாலு நாள் ஆளைக் காணோம் என்று கோபமாக்கும் என்று நினைத்து, அந்த முன்பின் தெரியாத மீனிடம் நான் மன்னிப்பு வேறு கேட்டேன். மூன்று மாதம். ஒவ்வொரு ஞாயிறும் நீ போனில், பெரியவர் எப்படி இருக்காருப்பா என்று கேட்டாய். நான் கால் மணி நேரம் அவர் புராணம் பாடினேன். நீ அப்படியாப்பா, அப்படியாப்பா என்று கேட்டுக்கொண்டாய். அதுதான் எனக்கு ஆறவில்லை. நீ கேட்காமலாவது இருந்திருக்கலாம்.

வேறு என்னவெல்லாம் சேர்ந்து நினைத்தீர்கள் என்று அம்மாவைக் கேட்டேன், வாய்க்கு வந்ததைத்தான் கேட்டேன். அவள் துணியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். என் இடது கண்ணில் நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை வராது என்று டாக்டர் ஆஸ்பத்திரியிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டாராம், நீயும் போனில் கேட்டுக்கொண்டிருந்தாயாம். என்னிடம் ஆறு மாதத்தில் தெளிந்துவிடும் என்றாயே. அதை நம்பித்தானே அச்சகத்தில் பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தைப் பிழை பார்க்க வாங்கி வந்தேன். முதல் பாகம் அச்சாகியே போய்விட்டது. ஒளியின் வேகம் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒலியின் வேகம் என்று இருக்கிறது. விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகிற ஒலியைப் பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள். ஒரு கண்தான் எனக்கு என்று தெரிந்திருந்தால் எல்லாப் பக்கத்தையும் இரண்டு தடவை படித்திருப்பேன், இல்லை, வேண்டாம் என்றாவது சொல்லியிருப்பேன். மறுநாளே போய் அச்சக முதலாளியிடம் உள்ளதைச் சொல்லி இரண்டாம் பாகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மேலே தாள் ஒட்டிச் சரிசெய்துவிடலாம், பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் இருக்கிறது, அதைப் பாருங்கள் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

புதன்கிழமை டாக்டரிடம் தனியாகவே போனேன். முழுசாகச் சொல்லுங்கள், இது என் கண் என்று கேட்டேன். மனிதர் படம் போட்டே காட்டினார். வலது கண்ணிலும் அழுத்தம் எல்லையில்தான் இருக்கிறதாம், சொட்டு மருந்து ஒரு வேளையும் தவறக் கூடாதாம். நானோ எப்படியும் தெளியப் போகிறதே என்று வாரத்தில் இரண்டு நாள் விட்டிருக்கிறேன். நல்ல வேளை, இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்றார். நீங்கள் மறைத்தது மீனை மட்டும் இல்லை என்று புரிகிறதா?

அம்மாவிடம் இதற்காகப் போன் போட்டுக் கத்தாதே. பெரியவரைப் பின்பக்கம் குழாயடிக்குப் பக்கத்தில் தானே குழி தோண்டிப் புதைத்தாளாம், தனியாக அழுதாளாம், அதையும் என்னிடம் சொல்ல முடியாமல் வைத்திருந்திருக்கிறாள். பேச்சு வார்த்தை இருக்கிறது, சாப்பாடு நடக்கிறது, பழையபடி ஆக நாளாகும். புது மீன் என்ன பாவம் செய்தது, அதற்குத் தீனி போடுகிறேன். வெள்ளரித் துண்டு ஒன்றைத் தொட்டியில் போட்டு வைத்தால் நத்தையெல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொள்கிறது, காலையில் எடுத்துவிடுகிறேன். குறைகிறது, ஒழியவில்லை. மாடியம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், அவர்கள் அதை மறந்தே போயிருந்தார்கள்.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான், ஆனாலும் எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட ஆயுளோடு, கைக்கும் மனதுக்கும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். என் மனம் கலங்கினால் கலங்கிவிட்டுப் போகட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கண் அழுத்தம் அப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம் என்று டாக்டர் சொன்னார். இந்த மாதமே போய்ச் சோதித்துக்கொள். என்ன சொன்னார்களோ அதை அம்மாவிடம் இல்லை, என்னிடம் சொல், நல்லதோ கெட்டதோ அன்றைக்கே சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா