ஒரு பேருக்கு இடம்

தக்கலை,
4-5-1934

கோபம் ஆறாதவளுக்கு,

அச்சாபீசுக்கு இன்னைக்கு மூணு தடவை போயிட்டேன். இருப்புக்கொள்ளல்ல. நம்ம மக எலிசாவுக்குக் கோயில்ல ரெண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசிச்சாச்சு, இன்னும் ஒண்ணுதான் பாக்கி. கல்யாணக் கடுதாசி மட்டும் இன்னும் அடிக்கல்ல. “எத்தன நாளு எழுத்தக் கோத்து வைக்கது, ஏஜெண்டே?”ன்னு அச்சுக்காரர் கேக்காரு.

நாடக ஏஜெண்டா நான் பிழைச்ச வித்தை உனக்குத் தெரியும். நடிகர் பேரை நோட்டீஸ்ல அடிச்சு ஊரெல்லாம் ஒட்டிட்டு, பொறவுதான் அவங்ககிட்டச் சொல்லுவேன். யாரும் வராம இருந்ததில்ல.

நம்ம மூத்தவன் காய்ச்சல்ல கிடந்த அன்னைக்கும் உன் பேரு அடிச்ச நோட்டீஸைத்தான் உன்கிட்டக் காட்டினேன். நீ போய்ப் பாடினே. திரும்பி வந்தப்போ பிள்ளை உசுரோட இல்ல. நீ அண்ணன் வீட்டுக்குப் போயி ஏழு வருஷமாச்சு.

கடுதாசியில என் பேருக்குப் பக்கத்துல ஒரு பேருக்கு இடம் விட்டிருக்கேன். இந்தத் தடவை முதல்ல கேக்கேன். உன் பேரைப் போடட்டா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் மகளோட அப்பன்