முனை மழுங்கிய எழுத்து

அன்பு மகள் சின்னவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. எங்கள் நலம் பற்றி எனக்கே இப்போது சந்தேகமாக இருப்பதால் ஆவலை மட்டும் அனுப்புகிறேன். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. மாடிப்படியைத் திட்டிக்கொண்டே ஏறிவிடுகிறாள்.

போன மாதம் உனக்கு ஒரு புகைப்படம் அனுப்பினேன் அல்லவா? நம் கட்டிடத்தின் வாசல் சுவரில் நகராட்சி மாட்டிய இளநீலப் பலகை, அதற்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தலை வாரிக்கொண்டு வந்து நிற்கும் அம்மா. நீ வரைந்த அச்செழுத்து நம் வாசலுக்கே வந்துவிட்ட பூரிப்பில் கீழ்த்தளத் தையல்காரரைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்ன படம். அதைப் பெரிதாக்கிப் பார். அம்மாவின் தோளுக்கு மேலே 'இக்கட்டிடம் இடிக்கப்படும்' என்று இருக்கிறது.

மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முந்தாநாள் இரண்டு பேர் வந்து சுவரில் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டார்கள். தையல்காரர் என்னவென்று கேட்டிருக்கிறார். "பலகைல போட்டிருக்கே, படிக்கலையா?" என்றார்களாம். எல்லோரும் இறங்கி ஓடினோம். மேலே பெரிதாக 'உங்கள் நலனுக்காக'. கீழே நெருக்கி நெருக்கி வரிகள். நாலாவது வரியில் நம் வீடு. தையல்காரர் உட்கார்ந்துவிட்டார். "பால் பவுடர் விளம்பரம்னு நெனச்சேன் சார்," என்றார். மேல்மாடி நர்ஸம்மா, கீழே குழந்தைகள் காப்பகம் வரப்போகிறது என்று அதுவரை நாலு பேரிடம் சொல்லிவைத்திருந்தாள்.

அவர்களை விடு. ஆயுசு முழுக்க அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். அந்தப் பலகையை மேலிருந்து கீழ்வரை எழுத்தெழுத்தாகப் படித்தேன். ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை என்று மெச்சிக்கொண்டு மாடியேறிவிட்டேன். நீயும் படத்தைப் பார்த்துவிட்டு, நாலாவது வரியில் 'டி'க்கு அப்புறம் இடைவெளி கொஞ்சம் கூடிவிட்டது என்று எழுதினாய். நான் அளவுகோலோடு இறங்கிப் போய்ப் பார்த்து, ஆமாம் என்று பதில் போட்டேன். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்காது என்பார்கள். நம் இருவரையும் பார்த்தால் அது உண்மைதான்.

நீ இந்த எழுத்தைக் குழந்தைகளின் மருந்து சீசாவுக்காக வரைந்தாய். நம் எழுத்துகள் சம்மணம் போட்டு உட்காருபவை. ஒரு 'ணை' வந்து அமர்ந்தால் பக்கத்தில் யாருக்கும் இடமில்லை. அவற்றை ஒடுங்கி உட்காரவைத்து, முனைகளையெல்லாம் உருட்டி, விரலகலத் தாளில் முழு விவரத்தையும் அடக்கினாய். பிறகு பிஸ்கட் உறைக்குப் போனது, பேருந்தின் நெற்றிக்குப் போனது. கடையில் எங்கே கண்டாலும் அம்மா தொட்டுப் பார்ப்பாள். ஒடுக்கமாக இருப்பதால் நிபந்தனைகள் நிறையக் கொள்ளும், உருண்டையாக இருப்பதால் எதுவும் குத்தாது. ஓர் அலுவலகத்துக்கு வேறென்ன வேண்டும்?

நேற்று நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி தங்கமான மனிதர், நாற்காலி போட்டார். கட்டிடம் உறுதியாக இருக்கிறது, ஒரு மழைக்கும் ஒழுகியதில்லை என்றேன். அதை ஆட்சேபணையில் சொல்லியிருக்க வேண்டும், அதற்கான தவணை முடிந்துவிட்டது என்றார். "பழைய எழுத்துல போட்டா ஜனங்க பதறிடறாங்க சார். இதுல போட ஆரம்பிச்சதுல இருந்து ஒரு ஆட்சேபணைகூட வரலை." பேதி மருந்தின் குணத்தைச் சொல்வதுபோல் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். அந்தக் குவளையிலும் உன் எழுத்துதான்.

எழுந்து வரும்போது இன்னொன்றும் சொன்னார். "இந்த எழுத்து எச்சரிக்கைக்கு ஆகாதுன்னு விவரம் தெரிஞ்சவங்க யாராவது எழுதிக் கொடுத்தா, முதல்லேருந்து தவணை கொடுக்கலாம். வரைஞ்சவங்களே சொல்லிட்டா மறுபேச்சே இல்லை. ஆனா சொல்லுவாங்களா? ஊர் முழுக்க இதையே மாட்டறதுக்கு அவங்ககூடத்தான் ஒப்பந்தம் பேசிட்டிருக்கோம்."

சொல்வார்களா என்று எனக்குத் தெரியாது என்றேன். உன் அப்பன் என்று சொல்லவில்லை.

இதையெல்லாம் உனக்கு எழுதக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. "வீடு போனா வேற வீடு. அவ வாயாலயே அவ வேலையை மட்டம்னு சொல்ல வைப்பீங்களா? அப்பாவா நீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதனால் நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. நடந்ததை எழுதினேன், அவ்வளவுதான்.

இதை வரைந்து முடித்த அன்று சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு நீ சொன்னது ஞாபகம் வருகிறது. "இது சிரிக்கிற எழுத்துப்பா. இதுல கெட்ட சேதி சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க." அன்று மூவரும் சிரித்தோம். அதிகாரியிடம் இதை நான் சொல்லவில்லை. அது உன் வாக்கு, என்னுடையது அல்ல.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ எழுதுவது எதுவானாலும் அது உனக்கு நல்ல பெயரையே தரட்டும்.

பதிலை இந்த முகவரிக்கே போடு. மாதக் கடைசிவரை இது முகவரிதான்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா