பல்சக்கரத்தில் வைத்த பொட்டு

சந்தனமும் மண்ணெண்ணெயும் ஒன்றாய் மணக்கிற நாள் வருடத்தில் ஒன்றுதான். இன்று ஆயுத பூஜை. கழுவித் துடைத்த ஸ்பேனர்களைப் பலகையில் அடுக்கிவிட்டுத் திரும்பினேன். என் மகள் சந்தனக் கிண்ணத்தோடு, கழற்றி வைத்திருந்த ஒரு பெரிய பல்சக்கரத்தின் முன்னால் குந்தியிருந்தாள். அவள் விரல் அதன்மேல் படுவதற்குள் "தொடாதே" என்று கத்திவிட்டேன். பிள்ளை வெலவெலத்துப் போனாள். கிண்ணம் கவிழ்ந்தது. பதினோரு வயதுப் பிள்ளைமேல், அதுவும் நல்ல நாளில், நான் ஏன் அப்படிப் பாய்ந்தேன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். நீயோ போன மாசியில் காய்ச்சலோடு போய்ச் சேர்ந்துவிட்டாய். அதனால்தான் பூஜை முடிந்த கையோடு உனக்கு இதை எழுதுகிறேன்.

செந்தூல் ரயில் பட்டறையில் நீயும் நானும் ஒரே பெஞ்சில் வேலை பார்த்தவர்கள். ஊரில் மோட்டார் கார்கள் பெருகவும், துணிந்து வெளியே வந்து பிரிக்பீல்ட்ஸில் இந்தக் கொட்டகையைப் போட்டோம். நீ ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன். நான் கல்லைக் கண்டாலும் கையெடுக்கிறவன். ஆயுத பூஜைக்கு நான் வாழையிலை விரிக்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நின்று, "பூசாரி, என் பொரியில வெல்லம் தூக்கலா போடு" என்பாய்.

உனக்கும் ஒரு சடங்கு இருந்தது. எந்த என்ஜினைக் கழற்றினாலும், சேர்ந்து சுழல வேண்டிய இரண்டு பல்சக்கரங்களிலும் மெல்லிய தூரிகையால் சிவப்புப் பெயிண்ட் தொட்டுப் புள்ளி வைப்பாய். திரும்பப் பூட்டும்போது அந்தப் புள்ளியும் இந்தப் புள்ளியும் நேருக்கு நேர் வரவேண்டும். "ஞாபகத்தை நம்பாதே, புள்ளியை நம்பு." எத்தனை தடவை சொல்லியிருப்பாய். அந்தப் புள்ளியை நம்பித்தான் நான் கெட்டேன்.

பதினோரு வருடத்துக்கு முந்தைய ஆயுத பூஜையன்று யாழ்ப்பாணத்து டாக்டரின் கார் நம் கொட்டகையில் பிரிந்து கிடந்தது. சின்னச் சக்கரம் என்ஜினிலேயே இருந்தது. பெரிய சக்கரம் மட்டும் பலகைமேல் இருந்தது. வட்டமாக, அழகாக இருக்கிறதே என்று அதற்கும் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்தேன். மறுநாள் காலை நீ ஏதோ சாமான் வாங்கப் பாசார் பக்கம் போயிருந்தாய். நீ வருவதற்குள் பூட்டி முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. சந்தனம் உதிர்ந்துவிட்டிருந்தது. எண்ணெயில் ஊறிய குங்குமம் மட்டும் ஒரு பல்லின்மேல் சிவப்பாய்ப் படிந்திருந்தது. உன் புள்ளி நாலு பல் தள்ளி, கிரீஸுக்கு அடியில் இருந்தது. அது எனக்குத் தெரியவில்லை. கண்ணில் பட்ட சிவப்பைச் சின்னச் சக்கரத்துப் புள்ளிக்கு நேரே வைத்துப் பூட்டி, முன்மூடியையும் போட்டு, ரேடியேட்டரையும் மாட்டிவிட்டேன்.

நீ திரும்பி வந்து கொஞ்ச நேரத்தில், மழையில் நனைந்தபடி என் மச்சான் ஓடி வந்தான். கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவன் கங்காணி. என் மனைவி பிரசவத்துக்கு அங்கேதான் தாய்வீடு போயிருந்தாள். தலைப்பிள்ளையை இங்கே பட்டணத்தில் பறிகொடுத்திருந்தோம். இந்தப் பிள்ளையாவது தன் வீட்டில் பிறக்கட்டும் என்று மாமியார் அழைத்துப் போயிருந்தார்.

"மாப்பிள்ளை, நேத்து ராத்திரியிலேர்ந்து தங்கச்சிக்கு வலி. பிள்ள குறுக்கே கெடக்குன்னு மருத்துவச்சி சொல்லுது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரும் கைய விரிச்சிட்டாரு. அவள அசைக்கவே பயமா இருக்கு" என்றான்.

நீதான் மழையில் ஓடி டாக்டரை அழைத்து வந்தாய். தலைப்பிள்ளை போனபோதும் அவர்தான் பார்த்தவர். பையை மடியில் வைத்துக்கொண்டு நம் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கார் எழும்பினா உடன போவம். அடுத்த முறை நான் கட்டாயம் வருவன் எண்டு உம்மட பெண்சாதிக்குச் சொன்னனான்" என்றார்.

அடுத்த ரயில் சாயங்காலம்தான். ரயிலில் போனாலும் கிள்ளானிலிருந்து தோட்டத்துக்கு ஏழு மைல் செம்மண் பாதை. மழை நாளாதலால் ஸ்டேஷன் வாசலில் ஒரு வாடகைக் காரும் இல்லை. இருந்தது இந்தக் கார் ஒன்றுதான்.

நான் காரின் முன்பக்கத்தில் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன். என்ஜின் ஒருமுறை கனைத்தது, கார்புரேட்டர் வழியாகப் 'புஸ்' என்று துப்பியது, அடங்கிப் போனது. மறுபடி சுற்றினேன். மறுபடி துப்பல். தோள் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. நீ பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பார்த்தாய். பெட்ரோல் வந்தது. பிளக்கைக் கழற்றி என்ஜின்மேல் சாய்த்து வைத்து என்னைச் சுற்றச் சொன்னாய். நீலமாய்ப் பொறி பறந்தது. பெட்ரோல் இருக்கிறது, பொறி இருக்கிறது, ஆனால் என்ஜின் எழும்பவில்லை. டாக்டர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, நான் கவனிப்பதைக் கண்டு சட்டென்று உள்ளே வைத்தார்.

"பதறாத காரியம் சிதறாது. கொஞ்சம் நில்லு" என்றாய். கார்புரேட்டர் வாயில் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, மெல்லச் சுற்றச் சொன்னாய். சுற்றினேன். உன் முகம் மாறியது.

"மூச்சை இழுக்க வேண்டிய நேரத்துல வெளிய விடுது. உள்ள சக்கரம் தப்பா நிக்குது. முன்பக்கத்தப் பிரிக்கணும்."

பிரிப்பதென்றால் ரேடியேட்டரை இறக்கி, மூடியைக் கழற்றி, மறுபடி எல்லாவற்றையும் பூட்ட வேண்டும். எவ்வளவு விரட்டினாலும் ஒரு மணி நேரம். "வேண்டாம், புள்ளி பார்த்துத்தான் பூட்டினேன்" என்றேன். தள்ளிப் பார்க்கலாம் என்றேன், பிளக்கை மாற்றலாம் என்றேன். நீ ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டாய். அப்போதுதான் அதைச் சொன்னேன்.

"ஒனக்கென்ன அவசரம்? போறதுக்கு ஒன் வீட்ல இனி யாரு இருக்கா?"

உன் மனைவியும் பிள்ளையும் ஒரே நாளில், ஒரே பிரசவக் கட்டிலில் போய் அப்போது நாலு வருடம். அந்தப் பெட்டிகளைச் சுமந்தவர்களில் நானும் ஒருவன். தெரிந்தே சொன்னேன். மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். பிறகு கையை நீட்டினாய்.

"அரை இஞ்சு ஸ்பேனர் எடு."

எடுத்துக் கொடுத்தேன். உன் கை ஓடிய வேகத்தை நான் வேறெந்த நாளும் கண்டதில்லை. போல்ட் வழுக்கி உன் விரல் முட்டி பிய்ந்தது. கந்தலைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்தாய். மூடி கழன்றதும் இருவரும் குனிந்தோம். சின்னச் சக்கரத்தில் உன் பெயிண்ட் புள்ளி இருந்தது. அதற்கு நேரே பெரிய சக்கரத்தில் ஒரு சிவப்பு. நீ கட்டைவிரலால் தேய்த்தாய். அழிந்துவிட்டது. பெயிண்ட் அழியாதே. விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, அழுக்குத் துணியில் மெதுவாகத் துடைத்துக்கொண்டாய். அது நான் வைத்த குங்குமம்.

"என்ன பிழை?" என்று டாக்டர் எழுந்து வந்தார்.

"என் தப்பு, டாக்டர். நான் வச்ச புள்ளி தவறிப் போச்சு" என்றாய்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் இரண்டு மாத காலம் காரை வேறு பட்டறைக்குக் கொண்டுபோனார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

சக்கரத்தை நாலு பல் திருப்பி மாட்டினாய். எல்லாம் பூட்டித் தண்ணீர் ஊற்றி, கைப்பிடியை நீயே பிடித்தாய். இரண்டாம் சுற்றில் கார் எழும்பியது. கொட்டகை முழுக்கப் புகை. "போ. சாமானையெல்லாம் நான் எடுத்து வைக்கிறேன்" என்று கதவைச் சாத்தினாய். வழி முழுக்க நான் என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொரு மேட்டிலும் அது திணறியபோது என் மூச்சும் நின்றது. தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் இறங்கியபோது உள்ளே அவள் முனகுவது கேட்டது. முனகல் கேட்டதே, உயிர் இருக்கிறதே என்று அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளை பிறந்தது. "இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தா ரெண்டு பேரும் இல்லை" என்று கை கழுவிக்கொண்டே டாக்டர் சொன்னார். நான் சொன்னபடி பிளக்கை மாற்றிக்கொண்டும் காரைத் தள்ளிக்கொண்டும் நின்றிருந்தால் அந்த அரை மணி அங்கேயே போயிருக்கும். அந்தக் கணக்கை நான் இன்னும் எத்தனையோ இரவுகளில் போட்டுப் பார்க்கிறேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தேன். நீ விரலில் கட்டோடு ஒரு லோரிக்கு அடியில் படுத்திருந்தாய். "என்ன பிள்ள, பூசாரி?" என்று கேட்டாய். பெண் என்றேன். சிரித்தாய். மன்னிப்புக் கேட்க அதுதான் நேரம். நான் லோரிக்கு என்ன கோளாறு என்று கேட்டேன். பதினோரு வருடம் அப்படியே போனது.

இன்று கவிழ்ந்த கிண்ணத்தை நிமிர்த்திக்கொண்டே மகள் விசும்பினாள். "பெரியப்பாதான் சொன்னாங்க. நான் பொறந்தப்ப நீங்க பெரிய சக்கரத்துல வச்ச பொட்டுதான் என்னக் காப்பாத்துச்சாம். அதான் வைக்கலாம்னு."

நீ அவளிடம் அப்படியா சொல்லி வைத்திருந்தாய்? என் தவறைக் கொண்டுபோய் அவளுக்கு ஒரு சாமி வரமாக்கிக் கொடுத்திருந்தாயா? அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டைச் சொன்னேன், நான் வாய் திறக்காமல் நின்றதைச் சொன்னேன், உன்னிடம் கேட்ட அந்தக் கேள்வியையும் சொன்னேன். அவள் அம்மாவிடம்கூட நான் சொல்லாதது அது.

"அப்ப பெரியப்பா பொய் சொன்னாங்களா?"

"ஆமா. ரெண்டு தடவ. டாக்டர்கிட்ட ஒண்ணு, ஒங்கிட்ட ஒண்ணு."

கொட்டிய சந்தனத்தை விரலால் வழித்துக் கிண்ணத்தில் சேர்த்தாள். பிறகு எழுந்து போய், ஆணியில் தொங்குகிற உன் பெயிண்ட் தூரிகையை எடுத்து, அதன் கட்டையில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பல்சக்கரத்தை நான் துணி போட்டு மூடினேன். ஒவ்வொரு வருடமும் இனி மூடுவேன்.

போறதுக்கு உன் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேனே. மாசியில் உன் பெட்டிக்குப் பின்னால், மாதா கோயில் முதல் கல்லறைத் தோட்டம் வரைக்கும், என் கையை உதறிவிட்டு எல்லோருக்கும் முன்னால் நடந்தது இவள்தான். என்னை மன்னித்துவிடு.

உன் பெஞ்சில் உன் பங்குப் பொரி இருக்கிறது. அவள்தான் வைத்தாள். வெல்லம் தூக்கலாகப் போட்டிருக்கிறாள்.